இறக்கு என்றால் இறுக்குவார்

ரொட்டிக்காரர் சொல்லித்தான் தெரியும். வாசலில் மணியடித்து, "காஜா பேராங் தெரு நடராஜா செட்டி போய்ட்டாருங்க" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஊர்வம்பில் எல்லாரையும் முந்திக்கொள்ளும் எனக்கு இந்தச் செய்தி மட்டும் கடைசியாக வந்தது.

நடராஜா அண்ணனை அறிந்தவர்கள் அவர் தமிழையும் அறிவார்கள். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி வீடுகளில் பேச்சு மலாய்தான். கோயிலிலும் கல்யாணத்திலும் பொறுக்கிய சொற்களே அவர் தமிழ். இருந்தும், அந்நாளில் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்த என்னிடம் தமிழில்தான் பேசுவார். நான் இரக்கப்பட்டு மலாய்க்கு மாறினால் கோபம் வரும். "மலாய் வேணாம், தம்பி. மலாய் சொன்னா எனக்குப் புரியும்!"

சில சொற்கள் அவர் காதுக்குள் உருமாறிவிடும். ஒருமுறை லாரியிலிருந்து தேங்காய் மூட்டையை இறக்கச் சொன்னேன். கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி வந்து நின்றார். இறக்கு, இறுக்கு, இரண்டும் அவருக்கு ஒன்றே.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு ஊரே கொடி தைத்துக்கொண்டிருந்த சமயம், எங்கள் தோட்டத்துத் துரை தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கப்பலேறினார். நான் அங்கே கணக்கெழுதும் கிராணி. நாட்டுக்கு முன்னால் எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது. மனைவி நிறைமாதம். குருபோங் பக்கம் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்க ஆள் தேடிய டவுன் ராவுத்தர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். "திங்கக்கிழமை சைக்கிளோட வாங்க, வேலை இருக்கு. நடந்து வந்தா, தேத்தண்ணி இருக்கு" என்றார்.

கோழிக்கூண்டுக்குப் பின்னால் என் மாமா விட்டுப்போன சைக்கிள் ஒன்று துருவேறிக் கிடந்தது. அண்ணனும் நானும் ஒரு வாரமாக அதோடு மல்லுக்கட்டினோம். வலது பெடல் மரியாதையாகக் கழன்றது. வளைந்து இறுகிப்போன இடது பெடல் மட்டும் அசையவில்லை. மாற்றுப் பெடல் தயாராக இருந்தது, மாட்டத்தான் வழியில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன், வெந்நீர் ஊற்றினேன், சுத்தியலால் தட்டினேன். ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கியும் பார்த்தேன். "அடுப்புக்கு வச்சிருந்த எண்ணெயெல்லாம் அது குடிச்சிருச்சு. இனிமே அதையே சோறாக்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்பானர் வழுக்கி என் விரல் முட்டிகளின் தோல் உரிந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அழுதேன். இந்த வேலையும் போனால் பினாங்கில் மச்சான் வீட்டுக் கூடத்தில், கைக்குழந்தையும் பாயுமாக ஒண்டிக் கிடக்கும் காட்சி கண்முன் வந்துவிட்டது.

அண்ணன் ஸ்பானரை எடுத்தார். "நான் செய்றேன். நீ சொல்லு, தம்பி."

"அந்தப் பெடலை இறக்குங்க அண்ணே! எப்படியாவது இறக்குங்க!"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். ஏற்கெனவே இறுகிக் கிடப்பதை இன்னும் ஏன் இறுக்கச் சொல்கிறான் என்று நினைத்திருப்பார். ஆனால் தமிழில் சொல்லப்பட்டதை மறுத்துப் பழக்கமில்லை அவருக்கு. இத்தனை நாளும் நான் இழுத்ததற்கு எதிர்ப்பக்கமாக, முழு பலத்தோடு இறுக்கினார்.

கிறீச்சென்று ஒரு சத்தம். பெடல் சுழன்றது.

"அலாமாக்!" அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "மன்னிச்சுக்க தம்பி. நீ இறுக்கு சொன்னே. கழண்டு போச்சு!"

இடது பெடலுக்கு மட்டும் திருகுப் புரி தலைகீழ் என்பது பிறகு சைக்கிள் கடை முதலாளியான தவுக்கே சிரித்துச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. கழற்றுவதாக நினைத்து ஒரு வாரமும் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். திங்கட்கிழமை சைக்கிளோடு போனேன். ராவுத்தர் வேலையும் கொடுத்தார், தேத்தண்ணியும் கொடுத்தார். அந்த வாரம் பிறந்த மகளை அண்ணன்தான் முதலில் தூக்கினார். "இறக்குங்க, தூங்கட்டும்" என்றாள் மனைவி. அவர் பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

அந்த வளைந்த பெடல் என் மேசைமேல் இருக்கிறது. அவர் நினைவாக என்னிடம் மிஞ்சியிருக்கும் பொருள் அது ஒன்றுதான்.

நேற்று இடுகாட்டில் அவர் பெட்டியின் கயிற்றைப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். பூசாரி, "மெதுவா இறக்குங்க" என்றார். என் கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. எதிரே நின்றவர் தமிழில் இருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, எனக்குப் புரியட்டும் என்று, மலாயில் சொன்னார்.