பானையில் உள்ளதைச் சொல்லி விற்றேன்

சாப்பாட்டுக் கடைக்காரிக்குக் கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். ரங்கூனில் லான்மடாப் பேட்டையில் நான் முதன்முதலாக அடுப்பு மூட்டிய அன்று, பக்கத்துத் தேத்தண்ணிக் கடைப் பர்மாக்காரி மா சேன் சொன்னாள்: "பானையில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லு அக்கா. சிரித்துக்கொண்டே சொல்லு." சோறு போட்டுப் பிழைக்கும் தாய்மார்களே, அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

அடிப்பிடித்த சாம்பார்

ஒருநாள் சாம்பார் தீய்ந்துவிட்டது. வேறு வைக்க நேரமில்லை. உள்ளே வந்தவர்களிடமெல்லாம், "சாம்பார் அடிப்பிடிச்சிருச்சு ஐயா, ரசம் மட்டும் ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். அரிசி ஆலையில் வேலை செய்யும் காளியன் இலையை என் பக்கம் நகர்த்தினான். "வாசனை தெருமுனைக்கே வந்து கூட்டியாந்துச்சு. சாம்பாரே ஊத்துங்கம்மா, எங்காத்தா சமையல் மாதிரியே இருக்கு."

மேஸ்திரியின் குரல்

துறைமுகத்து மேஸ்திரி தம் ஆட்களோடு வந்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். மனிதர் பேசினாலே சண்டை போடுவது போலிருக்கும். "ஏய், தண்ணி!" என்பார். "இதோ அண்ணே" என்பேன். கூடப் பரிமாறும் என் மருமகளுக்குப் பொறுக்காது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணே என்று சொன்னால் அது அண்ணே ஆகாது. அதற்காகவே காலையில் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் கடை திறப்பேன். ஒருநாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார்: "நீ திருப்பித் திட்டினா எனக்குச் சௌகரியமா இருக்கும் தங்கச்சி."

காப்புக் கட்டிய கைகள்

தீமிதிக்காக மேஸ்திரியும் ஆட்களும் காப்புக் கட்டியிருந்தார்கள். கவிச்சி கூடாது. விரதக்காரர்களுக்கென்று மா சேன் ஆசையாக மிளகாய்ப் பொடி வறுத்துக் கொடுத்தாள். நானும் என்ன சேர்த்தாள் என்று கேட்காமல் இலையில் வைத்துவிட்டேன். மேஸ்திரி ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். அந்நேரம் மா சேன் எட்டிப் பார்த்து என்னிடம் பர்மாப் பேச்சில் மெல்லக் கேட்டாள்: "இறால் வாசம் சரியா இருக்கா?" கறியையும் மீனையும்தான் அவள் கவிச்சி என்று நினைத்திருக்கிறாள், இறால் பொடி அவளுக்கு உப்பு மாதிரி.

"எறும்பு விழுந்துச்சுன்னு சொல்லி எடுத்துருங்க அத்தை. அவங்க போயிட்டா நமக்கு யாரு இருக்கா?" என்று மருமகள் காதைக் கடித்தாள். நெருப்பில் இறங்கப் போகிற அந்தக் கால்களை நினைத்தேன். "யாரும் கை வைக்காதீங்க. இதுல இறால் இருக்கு. கேக்காம வச்சது நான், அவ அன்பாத்தான் கொடுத்தா" என்றேன். மேஸ்திரி இலையை விட்டு எழுந்து போனார். ஆட்களும் போனார்கள். அவர் திட்டாமல் போனதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மறுநாள் வடித்த சோறு அப்படியே ஆறியது. அதற்கடுத்த நாள் எல்லாரும் வந்தார்கள். பூசாரி தீர்த்தம் தெளித்து மேஸ்திரிக்கு வேறு காப்புக் கட்டிவிட்டாராம். "நீ மறைச்சிருந்தா தெரியாம அப்படியே நெருப்புல இறங்கியிருப்பேன். சோத்தைப் போடு தங்கச்சி" என்றார். மா சேன் மன்னிப்புக் கேட்டு மண்டியிட்டுக் கும்பிட வந்தாள். எவரையும் "ஏய்" என்றே கூப்பிடும் மனிதர் அவசரமாக எழுந்தார். "எந்திரிங்க, மா சேன். தீமிதி முடிஞ்சதும் அந்தப் பொடியைக் கொண்டாங்க, இன்னும் நாக்கிலேயே நிக்குது!"

உண்மையைச் சொல்லி நான் இழந்தது ஒரு நாள் சோறு மட்டும்தான். ஆகையால் தாய்மார்களே, விற்கும்போது மட்டுமல்ல, நீங்கள் எங்கே சாப்பிட்டாலும் உப்புக் குறைந்தால் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல், போட்டவளிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.