காலர் அக்காவின் மெஷின்

அவளை எல்லாரும் காலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து காலர் வைத்துத் தைப்பது ஒன்றே அவள் வேலை. "நம்ம கை பட்டாத்தான் சட்டைக்கே தலை நிமிரும்" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கம்பெனி திடீரென்று மூடப்பட்டது. சம்பளப் பாக்கிக்கு வழியில்லாத முதலாளி, அவரவர் உட்கார்ந்த மெஷினை அவரவரே எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். பல பெண்கள் வாசலிலேயே விற்றுவிட்டுப் போனார்கள். இவள் விற்கவில்லை. மேஜை, மோட்டார் எல்லாவற்றோடும் வண்டியில் ஏற்றி வந்து, தம்பி வீட்டில் தான் படுக்கும் ஜன்னலோர மூலையில் போட்டாள்.

கல்யாணம் கூடிவராமல் தம்பி வீட்டில் தங்கிவிட்ட பெண்ணுக்கு என்ன மரியாதை இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மெஷின் வந்த பிறகு அந்த மூலைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பள்ளிச் சீருடை, தலையணை உறை, கிழிந்த கால்சட்டை. சாப்பாட்டுக்கு அவள் தன் பங்கைத் தன் கையால் கொடுத்தாள். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பின் தெருவில் ஓர் அறை பிடித்துத் தனியே இருந்துவிடலாம். அந்த அறைக்கு என்ன நிறத்தில் திரை தைப்பது என்பதுகூட அவள் மனதில் முடிவாகியிருந்தது.

தோல் பை பட்டறையில் வேலை பார்த்த தம்பி, முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது அப்போதுதான்.

"சொந்தமா பை போடப் போறேன்க்கா. உன் மெஷினைக் குடு."

"துணி தைக்கிற மெஷின்ல தோலா? செருப்புக்கு இஸ்திரி போடச் சொல்லுவ போலிருக்கே."

"மாத்திக்கலாம்க்கா. பல்லு, பாதம், ஊசி, புல்லி, அவ்வளவுதான். நீ எப்பக் கேட்டாலும் பழையபடி ஆக்கிக் குடுத்துடுவேன். உன் மேல சத்தியம்."

"தம்பி முன்னுக்கு வந்தா உங்களுக்கும்தானே பெருமை அண்ணி" என்றாள் தம்பி மனைவி, உள்ளேயிருந்தபடியே.

தம்பி என்று வந்துவிட்டால் அக்காக்களுக்கு அறிவு வேலை செய்வதில்லை. அவள் கொடுத்தாள். கொடுத்தது மட்டுமா, அவன் தரையில் படுத்து வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்துக் காட்டியதும் அவள்தான். வேகத்தைக் குறைக்க மோட்டாரில் சின்ன புல்லி ஏறியது. தோலை ஓட்டமாகத் தைக்க முடியாது, நிதானம் வேண்டும். துணியை நகர்த்தும் மெல்லிய பல்லைக் கழற்றிவிட்டு முரட்டுப் பல்லைப் போட்டான். தோல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, மேலிருந்து அழுத்தும் சக்கரப் பாதம், முனை கத்திபோல இருக்கும் ஊசி, தடித்த நைலான் நூல். அப்படியும் இரண்டு மடிப்புத் தோலில் ஊசி இறங்கவில்லை. "சின்ன வேலை, லேத்துப் பட்டறைல குடுத்து வாங்கிட்டு வரேன்" என்று மெஷினின் தலைப்பகுதியை மட்டும் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்த மெஷின் தோலைச் சுலபமாகக் குத்தியது.

மெஷின் தயாராகிவிட்டது. தம்பிக்குத்தான் நேராகத் தைக்க வரவில்லை. மறுபடியும் அவளே உட்கார்ந்தாள். துணியில் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பழகினாள். பையின் அடி மூலையைத் திருப்பும் இடத்தில், காலர் முனை திருப்பிய அந்தக் கை அப்படியே உதவியது. பைகள் விலை போயின. "அக்கா இல்லைன்னா நான் இல்லை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான் தம்பி.

சொல்வது மெல்லக் குறைந்தது. வீட்டின் முன்னறை பட்டறையானது. தோலுக்கென்றே செய்த பெரிய மெஷின் வந்தது. அதை ஓட்டச் சம்பளத்துக்கு ஒரு டெய்லரும் வந்தார்.

"உன் மெஷின் இனிமே உனக்கேக்கா" என்றான் தம்பி.

அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. பழைய கம்பெனி மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தாள். அவர் பல்லையும் பாதத்தையும் மாற்றி, ஒரு துண்டுத் துணியை வைத்து ஓட்டினார். தையல் விட்டுவிட்டு விழுந்தது. பக்க மூடியைத் திறந்து, துணிக்குரிய மெல்லிய ஊசித்தண்டைப் போட்டு விரலால் அசைத்துப் பார்த்தார். அது விழப்போகும் பல்லைப் போல ஆடியது.

"யாரும்மா இதைக் குடைஞ்சது?"

"எதை?"

"தடிமனான தண்டு போடறதுக்காக பாடியோட துளையையே பெரிசாக்கி வச்சிருக்காங்க. மத்ததெல்லாம் மாத்திடலாம். இது பாடி. இனிமே இதுல ஒரு கைக்குட்டைகூட ஒழுங்கா தைக்க முடியாது."

கூலி வேண்டாமென்று சொல்லிவிட்டு அவர் போனார். அதுவே அவளுக்கு விஷயத்தைப் புரிய வைத்தது.

சாப்பிடும்போது தம்பியைக் கேட்டாள்.

"லேத்துல என்ன செய்யப் போறாங்கன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சொன்னா நீ குடுத்திருக்க மாட்டே" என்றான்.

"ஒரு பழைய இரும்புக்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்றாள் தம்பி மனைவி. "இங்க உங்களுக்கு யாரு சோறு போடலை அண்ணி?"

"அதைத்தான்மா நானும் யோசிக்கிறேன். இனிமே நீங்கதானே போடணும்."

அதன் பிறகு அவள் பட்டறைத் தரையில் உட்கார்ந்து, தைத்து வரும் பைகளில் நூல் பிசிறு வெட்டினாள். ஒரு பெரிய ஆர்டரில் டெய்லர் மூலை திருப்பத் தெரியாமல் வரிசையாகத் தோலைக் கெடுத்தார். தம்பி வந்து பக்கத்தில் குந்தினான்.

"அக்கா, அந்த மூலையை மட்டும் அவருக்குக் காட்டிக் குடேன்."

"என் மெஷினைப் பழையபடி ஆக்கிக் குடு. காட்டறேன்."

"புதுசே வாங்கித் தரேன்க்கா. இந்த ஆர்டர் முடியட்டும்."

"நான் புதுசு கேட்கலைடா. குடுத்ததைக் கேட்டேன்."

அவன் எழுந்து போய்விட்டான். அன்று முழுவதும் அவள் அசையவில்லை. முன்னறையில் பெரிய மெஷின் ஓடுவதும் மூலை வந்ததும் நிற்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை தம்பி மனைவி அவள் முன் தட்டை நங்கென்று வைத்தாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் காலர் அக்கா நேரே போய் டெய்லரை எழுந்திருக்கச் சொன்னாள். பெரிய மெஷினில் உட்கார்ந்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசியைத் தோலில் இறக்கி நிறுத்தி மூலையைத் திருப்பிக் காட்டினாள்.

"ஊசி உள்ள இருக்கும்போதே திருப்பணும். மேல எடுத்துட்டுத் திருப்பினா அதே ஓட்டைக்கு அது திரும்பி வராது."

"நல்லாப் புரிஞ்சுதுக்கா" என்றார் டெய்லர்.

அவள் எழுந்து தன் இடத்துக்குத் திரும்பினாள். ஜன்னலோர மூலையில், அவளுடைய மெஷின்மேல் பசை தடவிய தோல் பட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.