கருவாடு காயாத வெயில்

டாக்டர் சொன்னாரே என்று இன்று காலை வெயிலில் நிற்க மொட்டை மாடிக்குப் போனேன்.

எனக்கு முப்பது வயதுக்கு மேல் வந்த வியாதி இது. கருவாட்டுத் தூசி பட்டால் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல். பாம்பனில் குடியிருந்துகொண்டு இதற்குப் பயந்தால் எங்கே போவது? ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

நேற்று ராமநாதபுரத்தில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சிரித்தார்.

"பாம்பன்ல இருந்துக்கிட்டு விட்டமின் டி குறைச்சலா? இது குறைஞ்சா அலர்ஜி கூடலாம்னு சொல்றாங்க, உறுதியாத் தெரியல. மாத்திரை போடுங்க, வெயில்லயும் கொஞ்சம் நில்லுங்க."

மாடிக் கதவைத் திறந்தால் தரை முழுக்க நெத்திலி.

"ஒங்க மாடிக்குத்தான் யாரும் வாரதில்லையேன்னு பரப்பிட்டேன் புள்ள!" என்றார் பக்கத்து மாடியிலிருந்து மதினி.

ஒரு காற்று அடித்தது. தொண்டை இறுகியது. கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை. இரண்டு கையையும் வீசி வீசிக் காட்டினேன்.

"அப்படித்தான், நல்லா வெரட்டு! இந்தக் காக்கா தொல்லை தாங்கல" என்றார் மதினி.

சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கி, இன்ஹேலரை இழுத்த பிறகுதான் உயிர் வந்தது.

மறுபடி ஜன்னலைச் சாத்திவிட்டு இதைத் தட்டுகிறேன். கருவாடு காயாத வெயில் இந்தத் தீவில் எங்கே அடிக்கிறது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

காக்கா விரட்ட நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார் மதினி.