வெளுத்துப்போன நீல டி-ஷர்ட்

போன வாரம் திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் மாடியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெட்கமாக இல்லையா என்கிறீர்களா? அதற்கு இப்போது கௌரவமான பேர் இருக்கிறது - சோஷியல் லிசனிங். சம்பளம்கூடத் தருகிறார்கள்!

கம்பெனி தங்கவேலுவுடையது. என் தம்பியோடு படித்தவர். மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர்களுக்கே காலமெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு, இப்போது சொந்த பிராண்டில் டி-ஷர்ட் போட்டு ஆன்லைனில் விற்கிறார். அந்த பிராண்டைப் பற்றி இணையத்தில் யார் என்ன பேசினாலும் இங்கே கம்ப்யூட்டரில் வந்து விழும். பாராட்டு என்றால் பச்சை, புகார் என்றால் சிவப்பு. அதைப் பார்த்துக்கொள்வது ஜெனிஃபர். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண்.

மத்தியான நேரம். கீழே தையல் மெஷின்கள் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மெல்ல மிதந்தது. ஸ்கிரீனில் யார் யாரோ வந்து போனார்கள்... 'கழுத்து லூசாகிவிட்டது.' 'பிறந்த நாளுக்கு இதைத்தான் போட்டேன்.' 'எங்கள் நாய்க்குட்டி இதன் மேல்தான் தூங்குகிறது.' ஊரே தூக்கத்தில் பேசுவதைக் கேட்பது போல் இருந்தது. எனக்குக் கண் சொக்கியது.

"சார், இதக் கொஞ்சம் பாருங்க." பக்கத்து மேஜையிலிருந்த தங்கவேலுவைக் கூப்பிட்ட ஜெனிஃபரின் குரல் சரியில்லை.

மடத்துக்குளத்திலிருந்து சாந்தாமணி என்கிற அம்மா எழுதியிருந்தார். 'வெளுத்த சட்டையை வாங்கிக்கொண்டு புதுசு அனுப்பினீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அவனுடையது இல்லையே.'

தங்கவேலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சாயம் போச்சுன்னு அந்தம்மாதானுங்கக்கா எழுதுனாங்க? உடனே புதுசு அனுப்பிட்டமே. இன்னும் என்னுங்க கொறை?"

ஜெனிஃபர் அந்தம்மாவின் பழைய பதிவைத் தேடி எடுத்து வாசித்தாள். 'கப்பல் வேலைக்குப் போன என் பையன் விட்டுப்போன சட்டை. யாரும் போடாவிட்டாலும் வாரா வாரம் துவைத்துக் காயப்போடுகிறேன். வெளுத்து வெளுத்து, இப்போது விடிகாலை வானத்தின் நீலம்.'

இதைத்தான் மென்பொருள் புகார் என்று சிவப்பில் தள்ளியிருக்கிறது. மென்பொருளை விடுங்கள், அதற்கு அம்மாவா, பிள்ளையா? மனிதர் பதறியதுதான் பெரிது. திருப்பூரில் சாயம் போவது மானம் போகிற காரியம். அன்று தங்கவேலு அதைப் பாதி படித்ததுமே போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"அவங்க வேண்டாம்னு சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னாங்கக்கா. வேண்டாமுங்க, நல்லாத்தான் இருக்குதுங்கன்னாங்க. அட, கூச்சப்படாதீங்க, நம்ம கம்பெனின்னு நெனச்சுக்கங்கன்னு நாந்தான்..."

அங்கேதான் வினை! எங்கள் ஊர்ப்பக்கத்து விருந்தில் 'போதுமுங்க' என்று இலையை மறைத்துப் பாருங்கள். விரல் இடுக்கு வழியே இன்னொரு கரண்டி விழும். வேண்டாம் என்பது மரியாதை. அதைக் காதில் வாங்காமல் வற்புறுத்துவது அதைவிடப் பெரிய மரியாதை. அந்தம்மாவும் இதே ஊர்ப்பக்கம்தானே? இவ்வளவு அன்பாகக் கேட்கிறவரிடம் எத்தனை தரம் மறுப்பது? கூரியர்காரர் வந்து வாசலில் நின்றதும் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டார்.

"எங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தான் சார்" என்றாள் ஜெனிஃபர்.

"சரி, அந்தச் சட்டை இப்ப எங்க?" என்றேன்.

தங்கவேலுவின் முகம் மாறிவிட்டது. திரும்பி வரும் பீஸ் நேராக ரிஜெக்‌ஷனுக்குப் போகும். லேபிளோடு யாரும் வெளியே விற்றுவிடக் கூடாதென்று அதைக் குறுக்கே வெட்டி, பனியன் வேஸ்ட் மூட்டையில் போட்டுவிடுவார்கள். எக்ஸ்போர்ட் செய்த நாளிலிருந்து வந்த பழக்கம். அதற்கப்புறம் அது ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைக்கும்.

படியில் அவர் இறங்கிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. கீழே ரிஜெக்‌ஷன் அறை முழுக்க வெட்டுத் துணிகளின் வண்ணங்கள்... மஞ்சளும் ரோஜாவும் பச்சையுமாக மெத்தென்று குவிந்து கிடந்தன. வேறொரு நாளாக இருந்தால் அதில் விழுந்து தூங்கியிருப்பேன். அன்று, வெளுத்த நீலம் ஒன்று வந்ததா என்று கேட்டுக்கொண்டே குவியலைக் கிளறினேன். யாரோ பெற்ற பிள்ளையின் சட்டையாயிற்றே!

"வெளுத்த நீலமுங்களா?" கத்தரியோடு உட்கார்ந்திருந்த அம்மா பக்கத்திலிருந்த குவியலிலிருந்து எடுத்துக் காட்டினார். "ஒரு கையி மட்டுந்தானுங்க வெட்டுனேன். அதுக்குள்ள டீ டைம் வந்துருச்சுங்க."

வெட்டிய கையையும் தேடி எடுத்தோம். தங்கவேலு யாரிடமும் கொடுக்கவில்லை. தானே ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து அதை ஒட்டித் தைத்தார். எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் தையல் தெரியத்தான் செய்தது.

"இத கூரியர்ல அனுப்ப மனசு வரலீங்கக்கா. நீங்களும் கூட வாங்க" என்றார். மறுநாள் காலை மடத்துக்குளம் போனோம்.

சாந்தாமணியம்மா வாசலிலேயே சட்டையை வாங்கிப் பிரித்தார். தங்கவேலு வெட்டியதையும் தைத்ததையும் மறைக்காமல் சொன்னார். அந்தம்மாவின் விரல் தையல் மேல் மெதுவாகப் போனது. திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"வாங்க, உக்காருங்க" என்றவர் நேராகப் பின்பக்கம் போனார். "இந்த வாரம் தொவைக்கறது தவறிப்போச்சுங்க." வந்த விருந்தாளிகளை விட்டுவிட்டு, சட்டையை பக்கெட் தண்ணீரில் முக்கினார். தண்ணீரில் லேசாக, மிக லேசாக, நீலம் கலங்கியது.

அந்தம்மா நிமிர்ந்து தங்கவேலுவைப் பார்த்தார். "நீங்க துணி தெரிஞ்சவுங்க. சொல்லுங்க... பையன் அடுத்த தைக்குத்தான் வர்றான். அதுவரைக்கும் இந்த நீலம் இருக்குமுங்களா?"

தங்கவேலு குனிந்து அந்தத் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குமுங்க" என்றார்.

எந்த வெளிநாட்டு பையருக்கும் அவர் இவ்வளவு யோசித்து கேரண்டி கொடுத்திருக்க மாட்டார்!