மாவு மில்காரன் மகள் கூழ் குடித்த கதை

காரிமங்கலத்திலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் மாவு மில் வைத்திருக்கும் நவநீதனுக்கு, அந்தப் பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் தன் மில்லை நம்பித்தான் வளர்கின்றன என்று ஒரு நினைப்பு. யாராவது குழந்தைக்கென்று ராகியை முளைகட்டிக் காயவைத்துத் தூக்கி வந்தால், அரைப்பதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோவான். "என்னாக்கா, வெயில்ல போட்டு ஒணத்துனீங்களா? நெழல்ல ஒணத்துங்கன்னு எத்தன தடவ சொல்றது? கொழந்த எப்புடித் திங்கும்?" என்று நிற்பவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்பான். கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே இப்படித்தான். டப்பா மாவு வாங்கிக் கொடுக்கிறவர்களைக் கண்டாலோ, மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்துவான். போன வருஷம் பக்கத்துத் தெரு பிரியங்கா அவனிடம் வாங்கிய வசவில், ஒரு மாதம் வேறு மில்லுக்குப் போய்வந்தாள். சாப்பிடாத குழந்தை என்று உலகத்தில் எதுவும் கிடையாது, செய்யத் தெரியாதவர்கள்தான் உண்டு என்பது அவன் கட்சி.

அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு மகள் பிறந்தாள். எழுத்துப் பார்த்து சஷ்விகா என்று பெயர் வைத்தார்கள். மில்லுக்கு வருகிற யார் நாக்கிலும் அந்தப் பெயர் உட்காராததால் பாப்பா என்றே நின்றுவிட்டது. பாப்பாவுக்கு ஏழாம் மாதம் நடந்தது. அவள் கூழைத் துப்பினாள்.

துப்புவதிலும் ஒரு நேர்த்தி இருந்தது. முதலில் வாங்கிக்கொள்பவள் மாதிரி உதட்டை லேசாக விரிப்பாள். நவநீதன் முகம் மலரும். மலர்ந்த முகம் கிட்டத்தில் வரட்டும் என்று காத்திருந்து, 'ப்ர்ர்ர்' என்று அதன் மேலேயே விடுவாள். அவனும் சளைக்கவில்லை. ராகியை முளைகட்டி, நிழலில் உலர்த்தி, தன் கையால் அரைத்து, மாவைக் கரைத்து வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி, கட்டி தட்டாமல் காய்ச்சினான். துப்பினாள். பச்சரிசியும் பாசிப்பருப்பும் வறுத்துக் கஞ்சி வைத்தான். அதற்கும் அதே மரியாதைதான். பப்பாளியை மசித்துக் கொடுத்தபோது தும்மினாள். அன்றைக்கு அவன் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் மனைவி கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. தர்மபுரியில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் அவளுக்கு வேலை. படித்துவிட்டு எத்தனையோ இடம் அலைந்து கிடைத்த வேலை, அவளுக்குப் பிடித்த வேலை. லீவு முடிந்து திங்கட்கிழமை போயாக வேண்டும். போகாவிட்டால் வேறு பெண்ணைப் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். காலை பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்ப முடியும். பாப்பாவுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் இறங்கவில்லை. பாட்டிலைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழமக்குள்ள அவ திங்கலைன்னா நான் வேலைய வுட்டுர்றேங்க. பச்சப்புள்ளயப் பட்டினி போட்டுட்டு அங்க போயி என்னால ஒக்கார முடியாது" என்றாள் வாணி.

"அதெல்லாம் திம்பா. நான் யாரு?" என்றான் நவநீதன். சொல்லும்போது அவன் புருவத்தில் கூழ் காய்ந்துகொண்டிருந்தது.

ஊட்டுகிற முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நவநீதனுக்கு மாவு மேல் எவ்வளவு நம்பிக்கையோ, கண்ணேறு மேல் அவ்வளவு பயம். குழந்தை சாப்பிடுவதை நாலு பேர் பார்த்தால் கண்ணு பட்டுவிடும் என்று, கதவைச் சாத்தி, ஜன்னலுக்கு வேட்டியைக் கட்டி, உள்ரூமில் வைத்துத்தான் ஊட்டுவான். அது ஒரு பக்கம். பெரியவர்கள் சாப்பிடுவதைக் குழந்தை பார்த்து, அதற்குக் கிடைக்காமல் போனால் ஏங்கிப் போய்விடும் என்பது இன்னொரு பக்கம். அதனால் அவனும் வாணியும் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையல் மூலையில் சுவரைப் பார்த்து ஒளிந்து தின்றார்கள். இப்படியாக, பிறந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை ஒரு மனுஷர் சாப்பிட்டு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இருட்டு ரூமில் அப்பன் ஒரு ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு வந்தால், அது எதற்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இந்தச் சின்ன விஷயம் ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன மண்டைக்கு எட்டவில்லை.

சனிக்கிழமை புது ஸ்கேன் மெஷினைப் பழகிக்கொள்ள அரை நாள் வரச்சொன்னார்கள் என்று வாணி தர்மபுரி போயிருந்தாள். மில்லுக்குப் பின்னாலேயே வீடு. பாப்பா தூங்கிக்கொண்டிருக்க, நவநீதன் மாவு அரைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று கரண்ட் போனது. டிரான்ஸ்பார்மரில் ஏதோ கோளாறு, ஆள் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். பாதி தானியம் மெஷினில் மாட்டிக்கொண்டதால் அரைக்க வந்தவர்களாலும் கிளம்ப முடியவில்லை. ஃபேன் நின்ற புழுக்கத்தில் பாப்பா எழுந்து வீறிட்டாள். வேறு வழியில்லாமல் அவளைத் தூக்கிக்கொண்டு மில் வாசலில் இருந்த புங்கமர நிழலுக்கு வந்தான்.

அங்கே, அரைக்க வந்திருந்த ராமக்காள், காட்டு வேலைக்குக் கட்டிக்கொண்டு வந்த தூக்குப்போசியைத் திறந்து, களியைத் தட்டில் வைத்துக் கீரைக் கடைசலை ஊற்றியிருந்தாள். பக்கத்தில் பிரியங்கா தக்காளி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். ராமக்காள் ஒரு வாய் விழுங்கியதும் பாப்பாவின் அழுகை பட்டென்று நின்றது. கண்கள் கையோடு தட்டுக்கு இறங்கின, களியோடு வாய்க்கு ஏறின.

நவநீதனுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. "அக்கா, கொழந்த பாக்குதுக்கா. கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்கோ."

"பாத்துருச்சே! இனிமே திரும்பி என்னா பண்றது? குடுக்காம நான் எப்புடித் திங்கறது, ஏங்கிராதா?" என்றாள் ராமக்காள்.

நவநீதன் மாட்டிக்கொண்டான். கொடுத்தால் இத்தனை பேர் கண்ணு, கொடுக்காவிட்டால் ஏக்கம். ஆயுசு முழுக்க நம்பிய இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. அவன் முடிவெடுப்பதற்குள் ராமக்காள், கடைசல் படாத நடுக்களியில் கடுகத்தனை கிள்ளிப் பாப்பாவின் நாக்கில் தடவிவிட்டாள். பாப்பா சப்பினாள். விழுங்கினாள். அடுத்ததற்காக நாக்கை நீட்டினாள்.

நவநீதன் வீட்டுக்குள் ஓடி, காலையில் அவள் துப்பிய அதே கூழின் மிச்சத்தைச் சூடு காட்டி எடுத்து வந்தான். ஸ்பூனைக் கண்டதும் வாய் மூடிக்கொண்டது.

பிரியங்கா ஒரு வருஷமாக இந்த நாளுக்குத்தான் காத்திருந்தாள். "என்னாண்ணா, ராகிய வெயில்ல போட்டு ஒணத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

மரத்தடியே சிரித்தது. மகள் சாப்பிடாததைப் பொறுத்துக்கொண்டிருந்தவனால் மாவுக்கு வந்த இழுக்கைப் பொறுக்க முடியவில்லை. "எம் மாவுல ஒரு கொறையும் கெடயாதும்மா. இந்தா, பாரு!" என்று ஒரு ஸ்பூன் கூழை எடுத்துத் தன் வாயிலேயே போட்டு, சப்புக்கொட்டி விழுங்கிக் காட்டினான்.

பாப்பா அவன் வாயையே பார்த்தாள். அவளுடைய வாயும் தானாகத் திறந்தது. ஒரு ஸ்பூன் வைத்தான். உள்ளே போனது. அவன் முகத்துக்கு எதுவும் திரும்பி வரவில்லை. அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று கிண்ணம் காலியானது. கடைசி ஸ்பூனைத் துப்பிவிடுவாளோ என்று கண்ணை மூடிக்கொண்ட நவநீதன் திறந்தபோது, கண்ணோரம் நனைந்திருந்தது.

"மாவு பட்டுருச்சு" என்று துடைத்துக்கொண்டான்.

"கரண்டே இல்லியேண்ணா" என்றாள் பிரியங்கா.

அன்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் எடுத்துப் பாப்பாவுக்கு மூன்று தரம் சுற்றிப் போட்டான். அதை விட மாட்டான். ஆனால் ஜன்னல் வேட்டியை அவிழ்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூன்று பேரும் நடுவீட்டில் தட்டு வைத்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பாப்பா மூன்று வேளையும் வாயைத் திறந்தாள்.

திங்கட்கிழமை வாணி பஸ் ஏறினாள். மதியம் போன் வந்தது. "தின்னாளா?" தின்றாள் என்றான். நம்பாமல் மறுபடி போன் வந்தது. மூன்றாம் தடவை அவன் காலிக் கிண்ணத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினான். அதையும் அவளால் முழுசாக நம்ப முடியவில்லை. பாதியை அவன் தின்றிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

பொழுது சாய பஸ்ஸை விட்டு இறங்கி, மார்பில் பால் கட்டிய வலியோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள். பாப்பா மில் வாசலில் அப்பன் மடியில் தெம்பாக உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் வாணிக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே ஒரு வருத்தமும் வந்தது.

"என்னயத் தேடவே இல்லீங்களா?"

"தேடுனா" என்றான் நவநீதன். "தின்னுட்டுத் தேடுனா."

வாணி அழுதுகொண்டே சிரித்தாள். பாப்பா தாவி வந்து முந்தானையை விலக்கி, வேண்டிய மட்டும் பால் குடித்தாள். குடித்து முடித்து அம்மாவின் பையைப் பிடித்து இழுத்ததில் டிபன் பாக்ஸ் கீழே விழுந்து திறந்துகொண்டது. காலையில் நவநீதன் வைத்துக் கொடுத்த நான்கு இட்லியும் அப்படியே இருந்தன.

"நீ திங்கலியா?"

"எறங்கலீங்க. இவ தின்னாளோ இல்லியோன்னு..."

அவன் மகளைத் தூக்கி வாணிக்கு எதிரே உட்கார வைத்தான். பாப்பா அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாணி ஓர் இட்லியைப் பிட்டு வாயில் போட்டாள்.