மத்தியானச் சாப்பாடு வேண்டாம்

போன வாரம் ஒரே காலையில் முப்பத்திரண்டு பேரை ஏமாற்றினேன். கைதட்டினார்கள்!

பதறாதீர்கள். நான் தொழிற்சங்க வகுப்பு எடுக்கிறவன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலையும் சங்கமுமாக இருந்து ரிட்டயர் ஆனபிறகு, எங்கே கூப்பிட்டாலும் பாலக்காடு பக்கத்துக் கொல்லங்கோட்டிலிருந்து பஸ் ஏறிவிடுவேன். இந்த முறை மூணாறு பக்கம். தேயிலை எஸ்டேட் தமிழ்த் தொழிலாளர்களின் பிரதிநிதிகளுக்கு ஒருநாள் பயிற்சி. ஒரு தொழிலாளி மேல் புகார் வந்து நிர்வாகம் விசாரணை வைத்தால், பக்கத்தில் இருந்து அவருக்காகப் பேசுவது எப்படி? அதுதான் பாடம்.

என்னிடம் ஒரு வித்தை உண்டு. வகுப்பு தொடங்கும்போதே ஒரு தாளைச் சுற்றுக்கு விடுவேன். அட்டெண்டன்ஸ் என்று நினைத்து எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். டீ பிரேக் முடிந்ததும், தாளின் தலைப்பில் இருக்கும் இரண்டு வரி மலையாளத்தைத் தமிழில் சொல்வேன். 'எனக்கு இன்று மத்தியானச் சாப்பாடு வேண்டாம். சாயங்காலம் ஹாலை நானே கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறேன்.'

அப்புறம் என்ன... ஒரே சிரிப்பு, கைதட்டல். வாசிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்ற பாடம் தானாக மண்டையில் ஏறிவிடும். வருடக்கணக்காக இதே வித்தைதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்றைக்கும் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏனுங்கம்மா, சாப்பாடு போச்சேன்னு வருத்தமுங்களா?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

எழுந்து நின்றார். பேச்சியம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்து எடுக்கிறவர். பிரதிநிதியாகி ஆறு மாதம்தான் ஆகிறது.

"சார்... போன வாரம் நானும் இதே மாதிரி ஒரு தாள்ல கையெழுத்து போட்டுட்டேன். கனகாவுக்காக."

பையிலிருந்து நாலாக மடித்த காகிதங்களை எடுத்து நீட்டினார். விசாரணைக் குறிப்பின் நகல். கனகா அவரோடு கொழுந்து எடுக்கும் தோழி. சூப்பர்வைசரை அடிக்கக் கை ஓங்கினார் என்று புகார். சத்தம் போட்டது நிஜம், கை ஓங்கவில்லை என்று விசாரணையில் கனகா தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

"நல்லாத்தான் நடத்துனாக சார். எப்பவும் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளிய நின்னுதான் பேசுவோம். அன்னிக்கு உள்ள கூப்பிட்டு நாற்காலி போட்டாக. டீ குடுத்தாக. அந்தச் சந்தோசத்துல, காட்டுன எடத்துல எல்லாம் போட்டுட்டோம்."

கடைசிப் பக்கத்தைப் படித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து மலையாளம் படிக்கிறவன் நான். ஆனாலும் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். 'குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். நிர்வாகத்தின் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.' கீழே தமிழில் கனகாவின் கையெழுத்து. பக்கத்திலேயே, பிரதிநிதி என்ற இடத்தில், குண்டு குண்டாகப் பேச்சியம்மாள்.

தமிழில் சொன்னேன்.

"அவ அப்படிச் சொல்லவே இல்ல சார்!" என்றார் பேச்சியம்மாள். "இன்னிக்கு மூணு மணிக்கு அவள ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காக. பிரச்சனை முடிஞ்சதுன்னு சொல்லத்தான் கூப்புடுறாகன்னு நெனச்சோம்."

முடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் எதை? எஸ்டேட்டில் வேலை போனால் வேலையோடு நிற்காது. எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். கனகாவுக்குப் பத்தாவது படிக்கும் மகள் இருக்கிறாள். அந்த வீட்டை விட்டால் போக வேறு இடம் கிடையாது.

மணி பதினொன்றே முக்கால். கனகாவுக்குப் போன் அடித்தால் 'பரிதிக்குப் புறத்தாணு', தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொல்கிறது. தேயிலைக் காட்டுக்குள் டவர் ஏது?

மேஜைமேல் நான் கொடுத்த நோட்ஸ் கிடந்தது — பன்னிரண்டு பக்கம், முழுக்க மலையாளம். சங்கத் தலைமையில் அப்படித்தான் அச்சடித்துத் தருகிறார்கள். நானும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். காலையிலிருந்து அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிய முப்பத்திரண்டு பேரில் எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும் என்று நான் கேட்டேனா? எஸ்டேட் ஆபீஸ்காரர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? என் தாளில் போனது சாப்பாடு. அவ்வளவுதான்.

"மறுப்புக் கடிதம் குடுக்கோணுங்க, இப்பவே" என்று பேனாவை எடுத்தேன். ஆபீசில் சட்டென்று புரியட்டும் என்று மலையாளத்திலேயே ஆரம்பித்தேன். பேச்சியம்மாள் தாளின்மேல் கையை வைத்தார்.

"வேண்டாம் சார். வாசிக்கத் தெரியாத தாள்ல இன்னொரு தடவ கையெழுத்து போட மாட்டேன்."

சுருக்கென்றது. பேனாவை அவரிடமே கொடுத்தேன்.

வேறொரு எஸ்டேட் பிரதிநிதி அவர் காதருகே குனிந்தார். "மிரட்டி வாங்குனாகன்னு எழுதுக்கா. வாசிக்காம போட்டேன்னு எழுதுனா, நாளைக்கு உன்னைய யாரு பிரதிநிதியா வச்சிருப்பா?"

நியாயமான பயம்தான். பேச்சியம்மாள் ஒரு புதுத் தாளை இழுத்து வைத்துக்கொண்டார்.

"மிரட்டலியே... டீயில்ல குடுத்தாக" என்றார். "என் தப்ப மறைச்சுட்டு அவ வீட்ட எப்படிக் காப்பாத்துறது?"

எழுதினார். எங்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு. கனகா குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. விசாரணையைத் தமிழில் மறுபடி நடத்த வேண்டும். நான்கே வரி. நான் எழுதியிருந்தால் நாலு பக்கம் வந்திருக்கும்.

வகுப்பை உள்ளூர் சங்கத்தாரிடம் விட்டுவிட்டு, பேச்சியம்மாளோடு அவர் எஸ்டேட்டுக்குக் கிளம்பினேன். ஜீப் கிடைக்கவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பாதி வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் டூரிஸ்ட் வேன் குறுக்கே நின்றுகொண்டு நகர மறுத்தது. டிரைவர் ஹார்ன் அடிக்க, நான் வாட்சைப் பார்க்க... பேச்சியம்மாள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே வந்தார்.

மூன்று மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே கனகா நின்றிருந்தார்.

"என்னக்கா, கிளாசுக்குப் போகலயா?"

"நீ கை ஓங்குனத ஒத்துக்கிட்டதா அந்தத் தாள்ல எழுதியிருக்காக கனகா. பக்கத்துல நானும் கையெழுத்து போட்டிருக்கேன்."

கனகா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே பேச்சியம்மாள் போனார். வெளியாளான எனக்கு அனுமதி இல்லை. பிரதிநிதி பதறக்கூடாது என்று ஊர் ஊராக வகுப்பெடுக்கிற நான், ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். அன்று உத்தரவு எதுவும் கொடுக்கவில்லை. மறுபடி விசாரணை — தமிழில். கடித நகலில் ஆபீஸ் சீல் இருந்தது.

கனகாவின் கோபம் இன்னும் போகவில்லை. விறுவிறுவென்று கொழுந்துக் காட்டுப் பாதையில் நடந்தவர், பாதியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அக்கா... அந்த விசாரணைக்கும் நீதான் வரணும்."

அதுவரை அழாத பேச்சியம்மாள் அப்போது அழுதார். எனக்கும் கண் கலங்கியது. மறைப்பானேன்?

ஜீப்பில் ஏறியதும் கேட்டேன்: "இன்னைக்கும் டீ குடுத்தாங்களா?"

"குடுத்தாக சார். அவுக நீட்டுன தாள கிளார்க் ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆறிப்போச்சு."

ஹாலுக்குத் திரும்பியதும் சான்றிதழ் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம். கிளம்பும் அவசரத்தில் பேச்சியம்மாள் ஒரு தாளை நீட்டினார். "சாயங்கால அட்டெண்டன்ஸ் சார். எல்லாரும் போட்டாச்சு. நீங்களும் போட்ருங்க."

பையைத் தோளில் மாட்டியபடியே போட்டேன்.

"வாசிச்சீகளா சார்?"

வாசித்தேன். குண்டு குண்டான தமிழில் இரண்டே வரி. 'அடுத்த வகுப்புக்கு நோட்ஸ் முழுவதும் தமிழில் கொண்டு வருவேன். தவறினால் எனக்கு மத்தியானச் சாப்பாடு வேண்டாம்.'

இந்த வாரம் முழுக்க உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது பக்கம் முடிந்துவிட்டது... எனக்குச் சாப்பாடு முக்கியம்!