முகம் தேய்ந்த டாலர்

நாணயம் சேர்ப்பவன் கண் முதலில் போவது காசில் இருக்கும் முகத்துக்குத்தான். மூக்கும் முடியும் தெளிவாக இருந்தால் உசத்தி, தேய்ந்திருந்தால் மட்டம். எண்பதுகளில் தருமபுரியில் குமாஸ்தாவாக இருந்தபோது எனக்கு இந்தப் பைத்தியம் தலைக்கேறியிருந்தது. அதிலும் வெளிநாட்டு வெள்ளி டாலர் என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய வெள்ளி வாங்கும் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். உருக்கப் போடுவதற்கு முன் காசுகளை எனக்காக எடுத்து வைப்பார். ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே வத்தல்மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கழுத்துக் கயிற்றில் கோத்திருந்த அமெரிக்க டாலரை அவிழ்த்து வைத்தாள். அவள் தாத்தா பினாங்குத் தோட்ட வேலைக்குப் போனபோது கொண்டுவந்ததாம். மகனுக்கு விடாத காய்ச்சல், சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். காசில் இருந்த பெண்முகம் மூக்கு முழி தெரியாமல் வழவழவென்று இருந்தது. ஆனால் என்னிடம் இல்லாத வருடத்துக் காசு.

"உருக்கிடாதீங்க பாய். சாமை வித்ததும் வந்து வாங்கிக்கறேன்" என்றாள்.

"கடையில வெச்சிருந்தா கலந்துடும்மா. சார் வாங்கிக்கட்டும், பத்திரமா இருக்கும்."

"எப்ப வந்தாலும் தர்றேம்மா" என்று பணத்தை எண்ணிக் கொடுத்து நானும் வாய் நிறையச் சொன்னேன்.

அடுத்த மாதமே சேலத்தில், என்னைப்போல் காசு சேர்க்கும் ஒருவர் வீட்டில், அதே வருடத்து டாலரைப் பார்த்தேன். நேற்று அச்சடித்தது போன்ற முகம். வளையம் பற்றவைத்த அந்தத் தேய்ந்த காசையும், கூடவே என்னுடைய நல்ல ரூபாய் நாணயங்கள் இரண்டையும் கொடுத்து அதை வாங்கி வந்தேன். வாக்குத் தவறியதாகத் தோன்றவே இல்லை. அதே காசு, அதே வருடம், இன்னும் நல்ல முகம். அவளுக்கு லாபம்தானே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அறிவு கெட்டவன்.

அறுவடை முடிந்து அவள் வந்தாள். பாய் ஆபீசுக்கு ஆள் அனுப்பினார். டாலரை அவள் கையில் வைத்தேன். கட்டைவிரலால் அந்த வெள்ளிக் கன்னத்தைத் தடவினாள். மறுபடி தடவினாள்.

"இது இல்லீங்க சார்."

"அதே காசுதாம்மா. வளையத்த எடுத்துட்டு சுத்தம் பண்ணியிருக்கேன்." பொய் தயங்காமல் வந்தது.

"அந்த மூஞ்சி நாங்க தேச்சதுங்க. எங்கம்மா கழுத்துல கெடந்தப்ப பால் குடிச்சிக்கிட்டே நான் தேச்சேன். எங்கழுத்துல எம் மவன் தேச்சான். அவன் இப்ப இல்லீங்க. அந்தக் காசாச்சும் வூட்டுக்கு வரட்டும்னு வந்தேன்."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. டாலரை மேசைமேல் வைத்தாள், காசை மீட்கக் கொண்டுவந்த பணத்தைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டாள், "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று எழுந்து போனாள்.

மறுநாளே சேலம் ஓடினேன். தேய்ந்ததை எதற்கு வைத்திருப்பது என்று உருக்கக் கொடுத்துவிட்டதாக அவர் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மற்ற காசுகளையெல்லாம் பிறகு விற்றுவிட்டேன். அந்த நல்ல டாலர் மட்டும் இருக்கிறது. அவ்வப்போது எடுத்துக் கன்னத்தைக் கட்டைவிரலால் தேய்க்கிறேன். இத்தனை வருடமாகியும் மூக்கு அப்படியேதான் இருக்கிறது.